சுருதிப் பெட்டிக்கு எந்தப் பவர் சப்ளை?

வந்த கடிதம் நீளமானது. சாரம் இது: எழுதியவர் கோலாலம்பூர் செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீட்டில் வாடகை அறையில் இருக்கிறார், வயது 29. பகலில் கணக்கு வேலை, வெள்ளிக்கிழமை இரவு பஜனைக் குழுவில் கீபோர்டு. யூரோராக் (தனித்தனி மோடியூல்களை ஒரே சட்டத்தில் மாட்டிச் சேர்க்கும் சிந்தசைசர் முறை) கிட்டுகளை வாங்கி, தாமே பற்றவைத்து ஒரு சிந்தசைசர் கட்டுகிறார். குழு பாடும்போது விடாமல் ஒலிக்கும் சுருதி அதிலிருந்து வர வேண்டும் என்பது ஆசை. மோடியூல் பட்டியலில் இரண்டு ஆசிலேட்டர் (ஒலியை உண்டாக்குவது), ஒரு ஃபில்டர், ஓர் இரட்டை வி.சி.ஏ. (ஒலியளவைக் கட்டுப்படுத்துவது), மிக்சர், எல்.எஃப்.ஓ. (மெதுவான அலை தருவது), ஒரு டிஜிட்டல் டிலே (எதிரொலி தருவது).

முதல் ஆசிலேட்டர் முடிந்ததும், சிசிடிவி கேமராவுக்கு விற்கும் 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் இரண்டைத் தொடராக இணைத்து ஓட்டிப் பார்த்திருக்கிறார். ஒலி வந்தது. கூடவே 'கீ' என்று ஒரு மெல்லிய சத்தமும் வந்தது. அலுமினியப் பேனலைத் தொட்டால் விரலில் சுருசுருவென்கிறது. அலுவலக நண்பர் ஒருவர், "பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளை சும்மா கிடக்கிறது, எடுத்துக்கொள்" என்கிறார். ஜாலான் பாசார் எலக்ட்ரானிக்ஸ் கடையில் 12-0-12 டிரான்ஸ்ஃபார்மரும் 7812, 7912 ரெகுலேட்டர்களும் (வோல்ட்டை +12, −12-இல் நிறுத்தும் ஐசிகள்) போதும் என்றார்களாம். மூன்றாமவர் ஒருவர், குழுவின் ஒலி மிக்சரின் பிளக்கில் எர்த் காலைக் கழற்றினால் இரைச்சல் போய்விடும் என்று செய்தே காட்டியிருக்கிறார். "எதை வாங்குவது? எத்தனை ஆம்பியர்? ஆம்பியர் கூடினால் மோடியூல் கருகிவிடாதா? சிவராத்திரிக்கு விடிய விடிய ஓட விடலாமா?" என்பவை கேள்விகள்.

தம்பி, நல்ல வேளை, ஒரே ஒரு மோடியூலோடு நிறுத்திவிட்டுக் கேட்டீர்கள். ஏழையும் மாட்டிய பிறகு வரும் கடிதங்களில் பாதி, கருகிய ஐசியைப் பற்றியவை.

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அறையில், உங்கள் இப்போதைய அனுபவத்தில், 230 வோல்ட் மின்சாரம் நீங்கள் கட்டும் பெட்டிக்குள் நுழையவே கூடாது. அது கடையில் வாங்கும் மூடிய அடாப்டரோடு நின்றுவிடட்டும். பெட்டிக்குள் வருவது 15 வோல்ட் டிசி மட்டும். அதை 12 ஆக்கிச் சுத்தப்படுத்துவதுதான் உங்கள் வேலை. மற்ற யோசனைகளை ஏன் தள்ளுகிறேன் என்பதைப் பார்ப்போம். அதில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

முதலில் கணக்கு

ஜெர்மனியின் டோப்ஃபர் நிறுவனம் 1990களின் நடுவில் ஏ-100 வரிசையைக் கொண்டுவந்ததிலிருந்து, யூரோராக் என்றால் +12, 0, −12 வோல்ட்தான். சில டிஜிட்டல் மோடியூல்கள் +5 வோல்ட்டும் கேட்கும்; உங்கள் பட்டியலில் அப்படி எதுவும் இல்லை, கவலை விட்டது.

உங்கள் மோடியூல்களின் தாளிலிருந்து நீங்களே எடுத்துக் கொடுத்த எண்கள்: +12-இல் மொத்தம் 310 மில்லி ஆம்பியர், −12-இல் 210. இரண்டையும் கூட்டி 520 என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிக் கூட்டக் கூடாது. இவை இரண்டு தனிச் சப்ளைகள். ஒவ்வொன்றும் தன் பங்கைத் தாங்கினால் போதும். 30 விழுக்காடு கூடுதலாக வைத்தால் +12-க்கு சுமார் 400, −12-க்கு சுமார் 275. பக்கத்துக்கு அரை ஆம்பியர் தரும் சப்ளை உங்களுக்குப் போதும்; பின்னால் இன்னும் ஒன்றிரண்டு சிறிய மோடியூல் சேர்க்கவும் இடம் இருக்கும்.

ஆம்பியர் கூடினால் கருகுமா என்ற பயம் பாதி சரி, பாதி தவறு. மோடியூல் தனக்கு வேண்டியதை மட்டும்தான் இழுக்கும். 10 ஆம்பியர் சப்ளையில் மாட்டினாலும் 45 மில்லி ஆம்பியர் ஆசிலேட்டர் 45-ஐத்தான் எடுக்கும். ஆபத்து, ஏதாவது ஒன்று ஷார்ட் ஆகும்போதுதான் வருகிறது. அரை ஆம்பியர் சப்ளை அப்போது படுத்துவிடும். 15 ஆம்பியர் சப்ளை படுக்காது. ரிப்பன் கேபிளின் தோல் உருகும்வரை தள்ளிக்கொண்டே இருக்கும். தேவைக்கு மேல் கொஞ்சம் இருக்கட்டும், பல மடங்கு வேண்டாம்.

கம்ப்யூட்டர் சப்ளை ஏன் ஆகாது

அந்த 15 ஆம்பியர் கதை இந்த இடத்துக்குத்தான் பொருந்துகிறது. ஏ.டி.எக்ஸ். என்னும் கம்ப்யூட்டர் சப்ளையின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். +12 வோல்ட்டுக்கு 15, 20 ஆம்பியர் என்று போட்டிருக்கும். −12-க்குப் பெரும்பாலும் 0.3 அல்லது 0.5 ஆம்பியர்தான். 0.3 என்றால் உங்கள் 275-க்கு மூச்சுவிட இடமில்லை. அந்த −12 சுற்று கம்ப்யூட்டரிலேயே யாரும் கவனிக்காத மூலை. அதற்கு அனுமதிக்கப்பட்ட ஏற்ற இறக்கம் 10 விழுக்காடு. அதாவது 10.8-க்கும் 13.2-க்கும் இடையில் எங்கே நின்றாலும் தரப்படி சரிதான். மேலும், பழைய சப்ளைகள் பலவற்றில் 5 வோல்ட் பக்கம் சுமை இல்லையென்றால் 12 வோல்ட் பக்கமும் ஒழுங்காக நிற்காது. ஃபேன் சத்தம் வேறு. சுருதி போடும் பெட்டியில் ஃபேன் இரைவதைப் பஜனைக்கு வந்தவர்கள் பொறுத்துக்கொள்வார்களா?

வோல்ட் நிலையாக நிற்பது இவ்வளவு முக்கியமா என்று தோன்றலாம். யூரோராக்கில் 1 வோல்ட் ஒரு ஸ்தாயி. அரை ஸ்வரத்துக்கு 83 மில்லி வோல்ட். எளிய கிட் ஆசிலேட்டர்கள் பலவற்றில் ட்யூனிங் குமிழின் வோல்ட் நேராக +12 வோல்ட் வரியிலிருந்தே எடுக்கப்படுகிறது. குமிழ் 4 ஸ்தாயி தூக்கிவைத்த நிலையில் இருக்கும்போது அந்த 12 வோல்ட் 12 மில்லி வோல்ட் நகர்ந்தால், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு, சுருதி கிட்டத்தட்ட 5 சென்ட் நகரும். அரை ஸ்வரத்தில் 20-இல் ஒரு பங்கு. ஒற்றை ஸ்வரமாகக் கேட்டால் யாருக்கும் தெரியாது. பாடுபவர் ஒருவர் அதன்மேல் நிற்கும்போது தெரியும். ஆகவே 12 என்பது சரியாக 12.00 ஆக இருக்க வேண்டியதில்லை, 11.8 என்றாலும் பாதகமில்லை. இருக்கிற இடத்திலேயே அசையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

டிரான்ஸ்ஃபார்மர்: நல்ல வழி, உங்களுக்கு இப்போது அல்ல

இரைச்சலைப் பொறுத்தவரை பழைய பாணி டிரான்ஸ்ஃபார்மர் சப்ளையை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் கடையில் சொன்ன 12-0-12 தவறான அளவு. கணக்குப் பாருங்கள். 12 வோல்ட் ஏசியின் உச்சம் 17. டயோடில் 1 போனால் 16. கபாசிட்டர் நிரம்பிக் காலியாகும் இடைவெளியில் 2 வோல்ட் இறங்கினால் 14. 7812 ஒழுங்காக வேலை செய்ய உள்ளே ஏறக்குறைய 14 வேண்டும். ஆக, விளிம்பில்தான் நிற்கிறது. நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட், மேலே 10 விழுக்காடு, கீழே 6 விழுக்காடுவரை போகலாம். அதாவது 216 முதல் 253 வரை. 216-க்கு இறங்கும் நேரத்தில் அந்த 14 என்பது 13 ஆகிவிடும். உடனே ரெகுலேட்டர் கைவிட்டு, 100 ஹெர்ட்ஸ் உறுமல் வெளியே வரும்.

அந்த உறுமல் எங்கே விழுகிறது என்பதுதான் வேடிக்கை. உங்கள் குழு ஒரு கட்டையில் பாடுவதாக எழுதியிருக்கிறீர்கள். ச 130.8 ஹெர்ட்ஸ் என்றால் அதற்குக் கீழேயுள்ள மந்திர ஸ்தாயிப் பஞ்சமம் 98. மின்சார உறுமல் 100. இரண்டும் சேர்ந்தால் நொடிக்கு 2 முறை ஏறி இறங்கும் அலை. ஆசிலேட்டர் ட்யூனிங் சரியில்லை என்று நினைத்து மணிக்கணக்காகக் குமிழைத் திருகிக்கொண்டிருப்பீர்கள். குற்றம் டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கும்.

என்றாவது கட்டுவதானால் 15-0-15, 30 வி.ஏ. (வோல்ட் × ஆம்பியர்) எடுங்கள். பக்கத்துக்கு அரை ஆம்பியர் டிசி வேண்டுமென்றால் டிரான்ஸ்ஃபார்மர் சுருள் அதைப்போல 1.8 மடங்கு ஏசி தாங்க வேண்டும். 30 வோல்ட்டை 0.9-ஆல் பெருக்கினால் 27, அடுத்த அளவு 30. கபாசிட்டர் பக்கத்துக்கு 2,200 மைக்ரோ ஃபாரட், 35 வோல்ட். 25 வோல்ட் வாங்காதீர்கள். சுமை இல்லாத டிரான்ஸ்ஃபார்மர் எழுதியதைவிடக் கூடுதலாகத் தரும். மின்சாரம் 253-இல் இருக்கும் நாளில் 25-ஐத் தாண்டிவிடலாம்.

இந்த வழியில் கடைக்காரர் சொல்ல மறந்தவை இரண்டு. ஒன்று, 7812-உம் 7912-உம் பார்க்க இரட்டையர், கால்கள் வேறு. எழுத்து உங்களைப் பார்த்திருக்க, இடமிருந்து 7812-இன் கால்கள் உள்ளே, தரை (0 வோல்ட்), வெளியே. 7912-இன் கால்கள் தரை, உள்ளே, வெளியே. முதுகுத் தகடும் அப்படித்தான்: 7812-இல் அது தரை, 7912-இல் அது உள்ளே வரும் மைனஸ் வோல்ட். இரண்டையும் ஒரே அலுமினியத்தில் மைக்கா காப்புத் தகடு இல்லாமல் திருகினால் அங்கேயே ஷார்ட். இரண்டாவது, சூடு. உள்ளே 19, வெளியே 12, ஓட்டம் அரை ஆம்பியர் என்றால் 3.5 வாட் சூடு. ஹீட் சிங்க் இல்லாத ரெகுலேட்டர் வாட்டுக்கு 65 டிகிரி ஏறும். 227 டிகிரி என்று கணக்கு வருகிறது. அதற்கு முன்பே தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும், ஆறியதும் எழும், மறுபடி அணையும். "ஐந்து நிமிடம் பாடுகிறது, பிறகு விட்டுவிட்டு வருகிறது" என்று சொல்லும் பெட்டிகளில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது.

இதையெல்லாம் சரிசெய்யலாம். உங்களை இப்போது தடுப்பது வேறு: டிரான்ஸ்ஃபார்மரின் முதல் சுருளில் 230 வோல்ட். அதற்கு எர்த் செய்யப்பட்ட உலோகப் பெட்டி, உள்ளே வரும் லைன் வயரில் ஃபியூஸ், இழுத்தாலும் கழலாத கேபிள் பிடிப்பு, முனையெல்லாம் மூடிய இணைப்பு எல்லாம் வேண்டும். எர்த் நிச்சயமாக வேலை செய்யும் ஒரு சுவர்ப் பாயின்டும் வேண்டும். உங்கள் அறையில் அதுவே சந்தேகம்.

எர்த் காலை யார் கழற்றினாலும் திரும்ப மாட்டுங்கள்

எர்த்தைக் கழற்றியதும் இரைச்சல் நின்றது உண்மைதான், காரணமும் இருக்கிறது. மிக்சர் ஒரு பாயின்டிலும் ஆம்ப் இன்னொரு பாயின்டிலும் மாட்டியிருந்தால், எர்த் வயர் வழியாக வட்டத்தின் ஒரு பாதி, ஆடியோ கேபிளின் வெளிச்சுற்று வழியாக மறுபாதி. அந்த வளையத்தில் 50 ஹெர்ட்ஸ் ஓடும். எர்த்தை வெட்டினால் வளையம் உடையும். ஆனால் மிக்சருக்குள் ஒருநாள் லைன் வயர் கழன்று அதன் உலோக உடம்பைத் தொட்டால், மைக்கைப் பிடித்திருப்பவர் வழியாகத்தான் அது தரைக்குப் போகும். பாடிக்கொண்டிருப்பவர் வாய்க்கும் மைக்குக்கும் இடையில் ஓர் அங்குலம்கூட இருக்காது. அந்த ஆட்டம் வேண்டாம்.

மாற்று வழிகள் எளியவை. மிக்சர், ஆம்ப், சிந்தசைசர் மூன்றையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் மாட்டுங்கள். வளையம் சிறிதாகி, பெரும்பாலும் இரைச்சல் போய்விடும். போகவில்லையென்றால் ஆடியோ கேபிளின் நடுவே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டி.ஐ. பாக்ஸ் (ஒலியை விட்டு, கம்பித் தொடர்பை வெட்டும் சிறு பெட்டி) ஒன்று. வெட்ட வேண்டியது ஆடியோ பக்கத்து இணைப்பைத்தான்.

அறையின் பாயின்டில் எர்த் இருக்கிறதா என்ற சந்தேகத்தை நீங்களே திருப்புளி வைத்துத் தீர்க்க வேண்டாம். வீட்டுக்காரரிடம் சொல்லி, சுருஹான்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையத்தில்) பதிந்த வயர்மேனைக் கூப்பிடச் சொல்லுங்கள். அவர் வரும்போது டி.பி. பெட்டியில் (வீட்டின் மின் பகிர்வுப் பெட்டி) உள்ள இ.எல்.சி.பி.யின் (மின்கசிவு வந்தால் மின்சாரத்தை வெட்டும் சுவிட்ச்) டெஸ்ட் பொத்தானையும் அழுத்திப் பார்க்கட்டும். பல வீடுகளில் பொருத்திய நாளுக்குப் பிறகு அதை யாரும் தொட்டதே இல்லை.

உங்கள் விரலில் சுருசுருத்தது வேறு சங்கதி. எர்த் இல்லாத அடாப்டருக்குள் மின்சாரப் பக்கத்துக்கும் டிசி பக்கத்துக்கும் நடுவே ஒரு சிறு கபாசிட்டர் உண்டு. அதன் வழியாக மைக்ரோ ஆம்பியர் கணக்கில் கசியும். இரண்டு அடாப்டர் என்றால் இரண்டு மடங்கு. நல்ல அடாப்டரில் இது ஆபத்தில்லை. எர்த் உள்ள மிக்சரோடு ஆடியோ கேபிளை இணைத்ததும் உணர்வே இல்லாமல் போகும். அதனால்தான் கேபிளை முதலில் செருகி, பவரைப் பிறகு போடச் சொல்கிறேன்; தலைகீழாகச் செய்தால் அந்தக் கசிவு முழுவதும் மிக்சரின் உள்வாயில் ஒரு 'டப்'பாக இறங்கும். கடிக்கிற மாதிரி அடித்தால் அது நல்ல அடாப்டர் இல்லை. மாற்றிவிடுங்கள்.

நான் சொல்லும் வழி

15 வோல்ட் டிசி, 1 அல்லது 1.5 ஆம்பியர் அடாப்டர், ஒரே மாதிரி இரண்டு. சிரிம் (மலேசியத் தரச்சான்று) லேபிள் இருக்க வேண்டும். சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருக்க வேண்டும். அந்தக் குறி, எர்த் தேவைப்படாத இரட்டைக் காப்பு என்று பொருள். நம் ஊர் மூன்று கால் பிளக்கோடு வருவதாகப் பாருங்கள். மேல்கால் பிளாஸ்டிக்காக இருக்கும், பாயின்டின் உள்கதவைத் திறப்பது மட்டும்தான் அதன் வேலை. இரண்டு உருண்டைக் கால் உள்ளதை வாங்கிவிட்டு, எர்த் துளையில் பேனாவைக் குத்தி நுழைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதற்காக எழுதுகிறேன். வெளிநாட்டிலிருந்து கிட்டோடு வரும் அடாப்டரில் 120 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால் அதைப் பெட்டியிலிருந்தே எடுக்காதீர்கள்.

2 ஆம்பியருக்குப் பதில் 1.5 ஏன்? உங்கள் 'கீ' சத்தத்துக்குப் பதில் அதில் இருக்கிறது. 2 ஆம்பியர் தரக்கூடிய அடாப்டரிடம் நீங்கள் 45 மில்லி ஆம்பியர் கேட்டீர்கள். சுமை அவ்வளவு குறைந்தால் அது விட்டுவிட்டு இயங்கத் தொடங்கும். காதுக்குக் கேட்காத வேகத்தில் துடிப்பது, கேட்கும் வேகத்துக்கு இறங்கிவிடும். மோடியூல்கள் கூடக்கூட அந்தச் சத்தம் தானாகவே குறையும். அடாப்டரும் சிறியதாக இருந்தால் விரைவில் குறையும்.

லேப்டாப் அடாப்டர் இரண்டு சும்மா கிடக்கிறதே என்று எடுக்காதீர்கள். எர்த் உள்ள லேப்டாப் அடாப்டர்களில் டிசி மைனஸ் பெரும்பாலும் எர்த்தோடு கட்டப்பட்டிருக்கும். இரண்டைத் தொடராக இணைத்தால் எர்த் வழியாக ஒன்று ஷார்ட் ஆகும். எந்த அடாப்டரானாலும், பாயின்டில் மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டரின் பீப் நிலையில் வைத்து, டிசி மைனஸுக்கும் எர்த் காலுக்கும் இடையே சோதியுங்கள். பீப் அடித்தால் அது இந்த வேலைக்கு உதவாது.

இனி பலகை. 7912-ஐ மறந்துவிடுங்கள். இரண்டு அடாப்டரும் ஒன்றோடொன்று ஒட்டாமல் மிதப்பதால், இரண்டுக்கும் 7812-ஐயே போடலாம். ஒரே மாதிரி இரண்டு பலகை, இரண்டும் +12 தருபவை. பிறகு முதல் பலகையின் மைனஸையும் இரண்டாம் பலகையின் பிளஸையும் சேர்த்துக் கட்டுங்கள். சேர்ந்த இடம் 0 வோல்ட். முதல் பலகையின் பிளஸ் +12. இரண்டாம் பலகையின் மைனஸ் −12. டார்ச்லைட்டில் இரண்டு பேட்டரி போடுவதுபோல்தான். கால் குழப்பம் இல்லை.

ஒவ்வொரு பலகைக்கும் வேண்டியவை:

- 7812 ஒன்று, மைக்கா அல்லது சிலிக்கான் தகடோடு சிறு ஹீட் சிங்க்
- 100 மைக்ரோ ஹென்றி காயில், 1 ஆம்பியருக்குக் குறையாமல். அதோடு தொடராக 0.47 ஓம் 1 வாட் ரெசிஸ்டர்
- உள்ளே 470 மைக்ரோ ஃபாரட் 35 வோல்ட், ரெகுலேட்டர் காலையொட்டி 0.33 மைக்ரோ ஃபாரட்; வெளியே 100 மைக்ரோ ஃபாரட் 25 வோல்ட், 0.1 மைக்ரோ ஃபாரட்
- 1என்5819 டயோடு ஒன்று, வெளிப்பக்கத்தில் தலைகீழாக: கோடு போட்ட முனை பிளஸில்
- பிளாஸ்டிக் உடல் டிசி சாக்கெட்

காயில் ஏன்? 7812 தாழ்ந்த அதிர்வு உறுமலை நன்றாக அடக்கும். அடாப்டர் துடிக்கும் பல்லாயிரம் ஹெர்ட்ஸில் அதன் பிடி தளர்ந்துவிடும். அதை முன்கூட்டியே காயிலும் 470-உம் தடுத்துவிடும். 0.47 ஓம் இல்லையென்றால் அந்தக் காயிலும் கபாசிட்டரும் சேர்ந்து சுமார் 730 ஹெர்ட்ஸில் தாமே மணியடிக்கும். அரை ஆம்பியரில் அதில் கால் வோல்ட்தான் போகும்.

டயோடு எதற்கு? இரண்டு அடாப்டரும் ஒரே கணத்தில் விழிக்காது. ஒன்று முந்தினால் மற்றப் பக்கம் மோடியூல்கள் வழியாகத் தலைகீழ் வோல்ட் ஏற முயலும். டயோடு அதைச் சுமார் அரை வோல்ட்டுக்குள் பிடித்துவைக்கும். சுவிட்சும் இரண்டு வரியையும் ஒன்றாக வெட்டும் ஆறு கால் வகையாக இருக்கட்டும். டிசி பக்கத்தில்தான் அது இருக்கிறது, பயமில்லை.

சாக்கெட் பிளாஸ்டிக் என்று சொன்னதை அலட்சியம் செய்யாதீர்கள். முதல் சாக்கெட்டின் வெளிவளையம் 0 வோல்ட், இரண்டாவதின் வெளிவளையம் −12. இரண்டும் உலோகமாக இருந்து ஒரே அலுமினியப் பேனலில் திருகினால், பேனலே ஷார்ட் கம்பி.

சூடு இந்த வழியில் அடங்கிவிடுகிறது. 15-இலிருந்து 12-க்கு இறங்குவதால் அரை ஆம்பியரிலும் 1.5 வாட்டுக்குள். சட்டைப்பை அளவு ஹீட் சிங்க் போதும்.

பலகையிலிருந்து பஸ் போர்டுக்கு (மோடியூல்களுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் பலகை), வீட்டு விளக்குக்கு ஓடும் 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் போடுங்கள். அரை மீட்டரில் 300 மில்லி ஆம்பியருக்கு 2 மில்லி வோல்ட்தான் இழப்பு. ரிப்பன் கேபிளின் ஒற்றை இழையில் அதே தூரத்துக்கு 30-க்கு மேல். எல்.எஃப்.ஓ.வின் விளக்கு மின்னும்போதெல்லாம் சுருதி லேசாக நடுங்குகிறது என்றால் தரை வயர் மெலிந்திருக்கிறது என்று பொருள். டிஜிட்டல் டிலேக்குப் பலகையிலிருந்தே தனியாக ஒரு ஜோடி வயர் இழுத்துவிடுங்கள். அதன் துடிப்பு ஆசிலேட்டரின் தரையில் கலக்காது.

மோடியூல் மாட்டுவதற்கு முன்

இரண்டு பலகையையும் சேர்த்துக் கட்டும் முன் தனித்தனியாகச் சோதியுங்கள். சுமை இல்லாமல் 11.5-க்கும் 12.5-க்கும் இடையில் இருக்க வேண்டும். பிறகு 22 ஓம் 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டரை வெளிப்பக்கத்தில் மாட்டுங்கள், 0.55 ஆம்பியர் இழுக்கும், 6.5 வாட் சூடேறும். பீங்கான் தட்டின்மேல் வையுங்கள், மேசைத்துணிமேல் வேண்டாம். பத்து நிமிடம் கழித்து ரெகுலேட்டரின் வெளிக்காலில் அளந்தால் முன்பிருந்ததைவிட 50 மில்லி வோல்ட்டுக்கு மேல் இறங்கியிருக்கக் கூடாது. உள்காலில் 14.3-க்குக் குறைந்தால் அடாப்டர் சொன்ன வோல்ட்டைத் தாங்கவில்லை, திருப்பிக் கொடுங்கள். ரசீதை வைத்திருங்கள்.

மலிவு மல்டிமீட்டரின் ஏசி நிலையில் இரைச்சலை அளந்து ஏமாறாதீர்கள். மில்லி வோல்ட்டையும் காட்டாது, அடாப்டரின் துடிப்பு வேகத்தையும் பார்க்காது. இந்த வேலைக்கு ஹெட்போனும் உங்கள் காதும் நல்ல கருவிகள்.

சேர்த்துக் கட்டியபின் பஸ் போர்டின் ஒவ்வொரு முள்ளையும் 0-க்கு எதிரே அளந்து, தாளில் எழுதி, பெட்டியின் உள்மூடியில் ஒட்டுங்கள். ரிப்பன் கேபிளின் சிவப்புக் கோடு −12 பக்கம். பத்து முள் கேபிளைத் திருப்பி மாட்டினால் +12-உம் −12-உம் இடம் மாறும். காப்பு டயோடு இல்லாத கிட்டில் டி.எல்.072 ஐசிகள் நொடியில் போகும். சிவப்பு என்றால் பிளஸ் என்று கை தானாகப் போகும், அங்கேதான் தவறு நடக்கிறது. முதலில் மிக்சர் மோடியூலை மட்டும் மாட்டுங்கள்; போனாலும் நட்டம் குறைவு. ஐசிமேல் விரல் வையுங்கள். சுட்டால் உடனே அணையுங்கள். ஆறியே இருந்தால் அணைத்துவிட்டு அடுத்தது. போட்டபடியே செருகாதீர்கள்.

சிவராத்திரி

விடிய விடிய ஓடலாம், ஒரு நிபந்தனையோடு. அதற்கு முன் வீட்டில் ஒருநாள், எல்லா மோடியூலும் மாட்டி, பெட்டியை மூடி, மூன்று மணி நேரம் ஓட விடுங்கள். திறந்ததும் ஹீட் சிங்க் 60 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கூடினால் பெட்டியின் அடியிலும் மேலேயும் துளை போடுங்கள். அடியில் மட்டும் போட்டால் காற்று ஏறாது. எலக்ட்ரோலிட்டிக் கபாசிட்டர்கள் 105 டிகிரி வகையாக இருக்கட்டும், ஹீட் சிங்கிலிருந்து இரண்டு சென்டிமீட்டராவது தள்ளி நிற்கட்டும்.

மண்டபத்தில் அடாப்டர்களைக் கம்பளத்துக்கு அடியில் தள்ளாதீர்கள், விளக்கு எண்ணெய் சிந்தும் இடத்தருகேயும் வேண்டாம். இடி இடிக்கத் தொடங்கினால் சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். பஜனை 9 மணிக்கு என்றால் பெட்டியை 8.30-க்கே போட்டுவிடுங்கள். 7812 சூடேற ஏற டிகிரிக்குச் சுமார் 1 மில்லி வோல்ட் நகரும். 20 டிகிரி ஏறும்வரை, முன்பு சொன்ன, குமிழ் 4 ஸ்தாயி தூக்கிவைத்த ஆசிலேட்டர் 8 சென்ட்வரை நகர்ந்துகொண்டே இருக்கும். 8.55-க்குத் தம்புராவோ ஹார்மோனியமோ எதை வைத்திருக்கிறீர்களோ அதோடு சேர்த்து ட்யூன் செய்யுங்கள். அதற்கு முன் குமிழைத் தொட வேண்டாம்.